கடலைத் தூர்த்த இடத்தில் ஒரு பனி ராஜ்ஜியம்

டோக்கியோ டிஸ்னிசீயின் வாசலைத் தாண்டியதும் எதிரே ராட்சசப் பூமி உருண்டை ஒன்று, மேலெல்லாம் நீர் வழிய மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். காலை ஒன்பது மணிக்கு அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் நின்ற இடத்திலேயே போனுக்குள் குனிந்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டை ஸ்கேன் செய்து உள்ளே வந்த பிறகுதான் சவாரிகளுக்குக் காசு கட்டி நேரம் குறித்துக்கொள்ளும் ‘பிரீமியர் அக்சஸ்’ சீட்டைச் செயலியில் வாங்க முடியும். வாசலில் கொஞ்ச நேரம் வாய் பார்த்து நின்றால் மத்தியானச் சீட்டு மாலைச் சீட்டாகிவிடும். இன்னும் தாமதித்தால் அதுவும் கிடைக்காது.

“மாமா, உருண்டையை அப்புறம் பாத்துக்கலாம். உங்க போன்ல ஃப்ரோஸன் வருதான்னு பாருங்க, அப்பா போன்ல சுத்திக்கிட்டே இருக்கு” என்று அதட்டினாள் நண்பரின் மகள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். நண்பர் குடும்பம் இருப்பது நிஷி கசாயில். டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பேட்டை அது. அடுத்த ஸ்டேஷனான கசாயிலிருந்து பூங்காவுக்கு பஸ் இருக்கிறது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் அழைத்துப் போகிற இடம் இதுதான் என்றார் நண்பர். சம்பளத்தில் பெரிய ஓட்டை போடுகிற இடமும் இதுதான் என்றார் அவர் மனைவி.

இத்தனை பரபரப்பும் ஃபேன்டசி ஸ்பிரிங்ஸுக்காக. 2024 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட இந்தப் பகுதி டிஸ்னிசீயின் எட்டாவது ‘துறைமுகம்’. இங்கே ஒவ்வொரு பகுதியையும் துறைமுகம் என்றுதான் அழைக்கிறார்கள். ‘ஃப்ரோஸன்’, ரபுன்ஸெலின் கதையான ‘டாங்கிள்ட்’, ‘பீட்டர் பேன்’ ஆகிய மூன்று படங்களின் உலகங்களும் நான்கு சவாரிகளும் 475 அறைகள் கொண்ட ஹோட்டலும் இதில் அடக்கம். மொத்தப் பரப்பு சுமார் 1,40,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 35 ஏக்கர். செலவு ஏறத்தாழ 32,000 கோடி யென். ரூபாயில் சொன்னால் 18,000 கோடியைத் தொடும். 2001-ல் டிஸ்னிசீ என்ற முழுப் பூங்காவையும் கட்டி முடிக்க ஆன செலவு கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இந்த முதலீடு அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்துடையது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. டோக்கியோவின் இரண்டு டிஸ்னி பூங்காக்களுக்கும் சொந்தக்காரர் ‘ஒரியன்டல் லேண்ட்’ என்ற ஜப்பானிய நிறுவனம். பெயரையும் கதாபாத்திரங்களையும் பயன்படுத்துவதற்கு டிஸ்னிக்கு உரிமத் தொகை கட்டுகிறார்கள். கட்டுவதும் நடத்துவதும் இவர்கள். லாப நட்டமும் இவர்களுடையதே.

திறந்த புதிதில் இருந்த ஏற்பாடு இன்னும் விசித்திரம். பூங்காவுக்குள் வரச் சீட்டு வாங்கியிருந்தாலும் இந்தப் புதிய பகுதிக்குள் கால் வைக்க முடியாது. ஒன்று, சவாரி ஒன்றுக்குத் தலைக்கு 2,000 யென் கட்டி பிரீமியர் அக்சஸ் வாங்க வேண்டும். அல்லது, செயலியில் இலவசமாகக் கிடைக்கும் ‘ஸ்டாண்ட்பை பாஸ்’ மாட்ட வேண்டும். அது காலையிலேயே காலியாகிவிடும். இதற்கெல்லாம் மேலே, புதிய ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும் 22,900 யென்னில் தொடங்கும் தனிச் சீட்டு ஒன்று இருந்தது. மற்றவர்கள் பாறை நுழைவாயிலை வெளியிலிருந்து படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இந்தத் தடை 2025 ஏப்ரல் 1-ல்தான் நீங்கியது. இப்போது பூங்காவுக்குள் வந்த யாரும் அங்கே நடந்து போகலாம், வழக்கமான வரிசையிலும் நிற்கலாம்.

திருப்பதியில் 300 ரூபாய் சிறப்புத் தரிசனமும் சர்வ தரிசனமும் தனித்தனி வரிசையாய் நகர்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, காசுக்கு ஒரு வரிசை, காசில்லாமல் ஒரு வரிசை என்பது அதிர்ச்சி தராது. டோக்கியோ டிஸ்னிக்கு இது புதிது. பெருந்தொற்றுக்கு முன்புவரை இங்கே ‘ஃபாஸ்ட் பாஸ்’ இருந்தது. பூங்காச் சீட்டைக் காட்டினால் இலவசமாகவே நேரம் குறித்துத் தருவார்கள். முந்தி வந்தவருக்கு முன்னுரிமை. பெருந்தொற்றோடு அது நின்றுபோனது. 2022 மே மாதம் கட்டணம் கட்டி வாங்கும் பிரீமியர் அக்சஸ் வந்தது. கால் வலிக்க முந்தி வந்தவரின் சலுகை, பர்ஸ் கனத்தவரிடம் போய்விட்டது.

நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2018 நிதியாண்டில் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் சுமார் 3.25 கோடிப் பேர். ஒருவர் சராசரியாகச் செலவிட்டது 11,815 யென். 2024 நிதியாண்டில் வந்தவர்கள் சுமார் 2.75 கோடிதான், சராசரிச் செலவோ 17,833 யென். நாளொன்றுக்கு எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை நிர்வாகமே குறைத்துக்கொண்டது. நெரிசல் குறைந்தால் வருகிறவர்கள் நிம்மதியாகச் சுற்றலாம் என்பது அவர்கள் வாதம். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென்வரை நுழைவுச் சீட்டுக்கே கொடுத்துவிட்டு, ஐந்தாறு நிமிடச் சவாரிக்கு மறுபடி 2,000 யென் எடுத்து வைக்கும் குடும்பஸ்தரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் என்றால் ஒரு சவாரிக்கு 8,000 யென். நம் பணத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம்.

நண்பர் போனில் ஃப்ரோஸனுக்கு மத்தியானச் சீட்டு விழுந்தது. ஒன்று வாங்கினால் அடுத்ததை உடனே வாங்க முடியாது. ஒரு மணி நேரம் ஆக வேண்டும், அல்லது வாங்கிய சவாரியின் நேரம் வர வேண்டும். ஆகவே ரபுன்ஸெலுக்குச் சாதாரண வரிசையிலேயே நிற்பது என்று தீர்மானமானது.

புதிய பகுதிக்கு வழி, அராபியக் கடற்கரைக்கும் மத்திய அமெரிக்கக் காட்டுக்கும் நடுவே பிரிகிறது. ஒரு பக்கம் ஜாஸ்மினின் அரண்மனை, மறுபக்கம் இடிந்த பிரமிடு. இரண்டையும் விட்டு விலகி நடந்தால் சுனைகள் பொங்கும் பாறைக் கூட்டம். உற்றுப் பார்த்தால் பாறைக்குள்ளிருந்து டிஸ்னி கதாபாத்திரங்களின் முகங்களும் உடல்களும் எழுந்து வருகின்றன. அவற்றின் மேல் நீர் வழிகிறது. எல்லாமே சுதை வேலை. இரும்புச் சட்டகத்தில் கம்பி வலை கட்டி, சிமெண்டுக் கலவை பூசி, ஈரம் காய்வதற்குள் செதுக்கி, அப்புறம் ஓவியர்கள் வண்ணம் ஏற்றியது. தண்ணீர் சொட்டுகிற இடத்தின் கீழே மட்டும் பாசி படிந்த பச்சை. வெயில் படும் மேற்புறத்தில் வெளிறிய சாம்பல். வெடிப்புகளுக்குள் கறுப்பு. பாசி தானாகப் படிய எத்தனை மழைக்காலம் வேண்டுமோ, அத்தனையையும் தூரிகையிலேயே முடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சவாரியையும்விட நின்று பார்க்க வேண்டியது இந்தப் பாறைகளைத்தான். ஆனால் போகிற வேகத்தில் எவரும் நிற்பதில்லை. காலை முதல் ஒரு மணி நேரம் இந்தப் பாதை நடைப்போட்டி மைதானம். ஓடக் கூடாது என்று ஊழியர்கள் கையசைத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஜப்பானியர் சொன்ன சொல் தட்டுவதில்லை, ஓடுவதில்லை. ஓட்டத்துக்கு ஒரு நூலிழை குறைவான வேகத்தில் நடக்கிறார்கள்.

ரபுன்ஸெலின் கோபுரத்தடியில் வரிசை காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. காத்திருப்பு நேரம் காட்டும் பலகையில் இரண்டு மணி நேரத்தை நெருங்கும் எண். முன்னால் கல்லூரிப் பெண்கள் நாலு பேர், பள்ளிச் சீருடை அணிந்து நின்றார்கள். டிஸ்னிக்கு வரும்போது பழைய சீருடையை எடுத்துப் போட்டுக்கொள்வது இங்கே இளைஞர்களிடையே ஒரு மோகம். கழுத்தில் பாப்கார்ன் டப்பா, தலையில் காது வைத்த பட்டை, ஒரு போனுக்கு ஒரு பவர் பேங்க். ஒருத்தி மெல்ல முனகியது ஃப்ரோஸன் பாட்டு, ஜப்பானிய மொழியில். 2014-ல் இந்நாட்டில் வெளியான அந்தப் படம் 2,550 கோடி யென் வசூலித்தது. அன்றைக்கு அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள்தான் இன்று பகுதிநேர வேலைக் காசோடு இந்த வரிசையில் நிற்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து இந்த ராஜ்ஜியத்தைக் கட்டியவர்களின் கணக்கு எங்கேயும் பிசகவில்லை.

வரிசை நகராமல் நின்ற ஒரு நேரத்தில் வெள்ளைச் சீருடை அணிந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்து, தரையில் ஒரு வளைவு போட்டார். இன்னொரு வளைவு. இரண்டு வட்டக் காது. ஒரு நிமிடத்துக்குள் மிக்கியின் முகம் தரையில் சிரித்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தொப்பியைத் தொட்டுக் குனிந்து வணங்கிவிட்டுக் குப்பை பொறுக்கப் போனார். வெயில் பட்டு ஒரு காது மறையத் தொடங்கியபோது நண்பரின் மகள் ஓடிப் போய் பாட்டில் தண்ணீரை ஊற்றி அதைக் காப்பாற்றப் பார்த்தாள். காது பூசணிக்காய் ஆனது. இந்தத் துடைப்ப ஓவியம் இங்கே பேர் பெற்ற விஷயம். அன்று பார்த்தவற்றில் தனிக் கட்டணம் இல்லாத காட்சிகளில் இதுவும் ஒன்று.

சவாரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரபுன்ஸெல் படகு சிறியது, பயணமும் சிறியது. இருட்டு நீர்ப்பரப்பின் மேல் நூற்றுக்கணக்கான காகித விளக்குகள் தலைக்கு மேலே தொங்கும் அந்த ஒரு காட்சிக்காகவே மற்றதெல்லாம். பீட்டர் பேனில் முப்பரிமாணக் கண்ணாடி தருகிறார்கள். கேப்டன் ஹூக்கிடமிருந்து சிறுவன் ஜானை மீட்கப் பறந்து போகிறோம். 102 சென்டிமீட்டர் உயரம் இல்லாத குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். குலுக்கலும் வேகமும் பிடிக்கும் என்றால் சரி. எனக்கு அது பெரிய திரையில் படம் பார்த்த உணர்வுக்கு மேல் போகவில்லை. டிங்கர் பெல்லின் வண்டி சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது.

ஃப்ரோஸன் நாயகி எல்ஸாவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்தாக வேண்டும். படகு மெல்ல நகர, பூட்டிய கதவின் இரு பக்கமும் அக்காவும் தங்கையும். அப்புறம் பனி மலை. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் எல்ஸா கையை வீசித் திரும்புகிறாள். பொம்மைக்கு முகத்தில் படத்தை ஒளியாய் வீசிக் காட்டும் உத்தி வேறு ஊர்களில் உண்டு; இங்கே முகமே அசைகிறது. புருவம் ஏறுகிறது, கன்னம் குழிகிறது, மூச்சு வாங்குவதுபோல் தோள் எழுகிறது. இயந்திரம் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. பாட்டு முழுக்க ஜப்பானிய மொழிதான். கதை தெரிந்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. இறங்கும்போது நண்பரின் மகள், “மாமா, அவ என்னையேதான் பாத்தா” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஏமாந்து போவார்கள். புதிய பகுதியின் உணவகங்களில் நமக்கான தட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து அராபியப் பகுதியில் கறி மசாலா வாசனையோடு பாப்கார்ன் விற்கிறார்கள். உள்ளே கட்டுச்சோறு எடுத்துப் போக அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தயிர்சாதம் கொண்டுபோகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பே முடித்துவிடுவது உத்தமம்.

மத்தியானத்துக்கு மேல் எல்ஸாவின் பனிமலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். வேலியோ சாலையோ மின்கம்பமோ எங்கேயும் கண்ணில் படவில்லை. ஒரு பக்கம் மலை மறைக்கிறது, ஒரு பக்கம் காடு மறைக்கிறது, இன்னொரு பக்கம் ஹோட்டலே அரண்மனை வேடம் போட்டுப் பின்சுவராய் நிற்கிறது. இத்தனை கோடி கொட்டியதில் பெரும் பங்கு, வெளியுலகம் தெரியாமல் மறைப்பதற்கே போயிருக்கும் என்று தோன்றியது. 

சரி, அவர்கள் மறைத்ததை நாம் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம். இந்தப் பகுதி எழும்புவதற்கு முன் இங்கே இருந்தது கார் நிறுத்துமிடம். அதற்கும் முன்னால் கடல்.

பூங்கா இருக்கும் மைஹாமா, சீபா மாநிலத்தின் உரயாசு நகரைச் சேர்ந்தது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் உரயாசு ஒரு மீனவ ஊர். ‘எடோ’ ஆறு டோக்கியோ விரிகுடாவில் கலக்கும் முகத்துவாரம். வற்றம் ஏற்பட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத் திட்டு. ஆண்களும் பெண்களும் மட்டி பொறுக்கினார்கள். குளிர்காலத்தில் ‘நோரி’ என்ற கடற்பாசியை வளர்த்து, அறுத்து, காகிதம்போல் பரப்பிக் காயவைத்து விற்றார்கள். 1958-ல் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த காகித ஆலை கறுப்புக் கழிவுநீரைத் திறந்துவிட்டது. மீனும் மட்டியும் செத்து மிதந்தன. பொறுத்துப் பார்த்த மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு ஆலைக்குள் புகுந்தார்கள். போலீஸோடு மோதல், கைது, காயம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே நீர்நிலைகளின் தரத்தையும் ஆலைக் கழிவுநீரையும் கட்டுப்படுத்த ஜப்பான் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. அந்நாட்டின் நீர் மாசுச் சட்டங்களுக்கு அதுவே தொடக்கம். ஆனால் உரயாசுக் கடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஒரியன்டல் லேண்ட் நிறுவனம் பிறந்தது 1960-ல். கடலைத் தூர்த்து வீடுகளும் உல்லாசப் பூங்காவும் கட்டுவது திட்டம். அதற்கு மீனவர்கள் தங்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களிடம் பேச அனுப்பப்பட்டவர் தகாஹாஷி மசாடோமோ. பின்னாளில் நிறுவனத்தின் தலைவரானவர். சாராயத்துக்கு அசராத ஆள் என்பதும் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். மீனவர்களோடு உட்கார்ந்து குடித்து, அவர்கள் திட்டியதைக் கேட்டு, மறுநாளும் போய் உட்கார்ந்து பேசி முடித்தவர் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். 1962-ல் உரிமையின் ஒரு பகுதியை மீனவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். 1971-ல் மிச்சத்தையும் விட்டார்கள். 4.43 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர், கடலைத் தூர்த்துத் தூர்த்து 17 சதுர கிலோமீட்டராகப் பெருகியது. டிஸ்னியோடு ஒப்பந்தம் 1979-ல் கையெழுத்தானது. 1983 ஏப்ரல் 15-ல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தது.

தூர்த்த மண் தன் பூர்வீகத்தை ஒரு முறை காட்டிக்கொடுத்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் உரயாசு நகரின் பெரும்பகுதியில் மண் நீர்த்துச் சேறாகக் கொப்பளித்தது. தெருக்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன, வீடுகள் ஒருக்களித்தன, சாக்கடைத் தொட்டிகள் தரைக்கு மேலே எழும்பின. கட்டும்போதே நிலத்தைக் கெட்டிப்படுத்தியிருந்ததால் பூங்காக்களுக்குள் பெரிய சேதமில்லை. கெட்டிப்படுத்தாத கார் நிறுத்துமிடங்களில் சேறு பொங்கியது. அன்றிரவு ஊருக்குத் திரும்ப முடியாத சுமார் இருபதாயிரம் பேர் பூங்காக்களிலேயே தங்கினார்கள். டிஸ்னிசீ மறுபடி திறக்க ஏப்ரல் 28 ஆனது.

இதையெல்லாம் சொல்வதால் ஃபேன்டசி ஸ்பிரிங்ஸுக்குப் போகாதீர்கள் என்று அர்த்தமில்லை. போக வேண்டும். கட்டிட வேலைக்கும் சுதை வேலைக்கும் மதிப்புத் தெரிந்தவர்கள் அவசியம் போக வேண்டும். சனி, ஞாயிறையும் ஜப்பானியப் பள்ளி விடுமுறையையும் தவிருங்கள். செயலியை ஊரிலேயே இறக்கி, அட்டை விவரத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சவாரியில் ஒன்றுக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் அது எல்ஸாவாக இருக்கட்டும். ரபுன்ஸெலுக்கு இருட்டிய பிறகு நில்லுங்கள். வெளியே கோபுர ஜன்னலின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வரிசை நகர்ந்துவிடும்.

பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் உரயாசுவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். நிஷி கசாயிலிருந்து தோஸாய் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அங்கிருந்து இருபது நிமிட நடையில் நகரின் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம். டிஸ்னிசீ திறந்த அதே 2001-ல் திறந்தது. 1952-ல் அந்த மீனவ ஊர் இருந்தபடியே வீடுகளையும் மீன் கடையையும் புகையிலைக் கடையையும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். நோரி அறுக்கப் போன சிறு தட்டைப் படகுகள் வாய்க்காலில் மிதக்கின்றன. அந்தத் தொழிலைப் பற்றி உள்ளூர்ப் பெரியவர்கள் விளக்கிச் சொல்கிறார்கள். அனுமதி இலவசம். திங்கட்கிழமை விடுமுறை.